ஆலங்குடியிலிருந்து போட்ட ‘ம்ம்’

ஆலங்குடி

மீமிசல் ஐஸ் கம்பெனி வீரய்யா மச்சானுக்கு, கண்ணுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சொர்ணவல்லியும் சுகம், எங்களுக்குள் பேச்சுவார்த்தைதான் இல்லை, காரணம் கீழே. மெயில் அனுப்பக் கூடாதென்று மகள் சொல்லிவிட்டாள், போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், அதனால்தான் தபால்.

நம் பிரகதீஸ்வரி பெங்களூரில் இருந்துகொண்டு நாலு வருஷமாக இன்டர்நெட்டுக்கு ஒரு விதி எழுதுகிறாள் அல்லவா, படம் அனுப்பும்போது லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது என்று, அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் மறுக்கலாமாம், ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டால் காலாவதியாகிவிடுமாம், பிள்ளை திருத்தித் திருத்திக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுவந்தபோது நார்வேக்காரர் ஒருவர் குறுக்கே விழுந்தார். அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இந்த விதிகளை முடிவு செய்கிற கூட்டத்தில் ஓட்டு கிடையாதாம், பிடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்பார்களாம், எந்தப் பக்கம் சத்தம் பலமென்று தலைவர் காதால் கணிப்பாராம். வார்டு மெம்பர் தேர்தலில் வேலை பார்த்தவனுக்கு இது போதாதா? சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கூட்டத்தின் மெயில் விலாசத்தைப் போட்டு, பிள்ளைக்கு ஆதரவாக எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘எங்க மருமக பொய் பேச மாட்டா’ என்று நீங்கள் எழுதினீர்கள். என் அக்கா பொன்னுத்தாய் கோயில் திருவிழாப் பத்திரிகையை இணைத்து, நார்வேக்காரரைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தது.

காரணம் சொல்லாத ஆதரவு கணக்கில் வராது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று தலைவர் எழுதிவிட்டார். பிறகு பிரகதி போன் செய்தாள்.

“அப்பா, இங்க ஆள் பலத்தப் பாக்க மாட்டாங்க. நான் யாரு மக, எந்த ஊருன்னு இத்தன வருசமா ஒருத்தரும் கேக்கல. எழுதுனத மட்டும் படிச்சாங்க. அதுதாம்ப்பா எனக்குப் புடிச்சிருந்துச்சு. இப்ப எங்க அத்தை பேரு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.”

“ஒனக்கு ஒத்தாசைக்குத்தானே ஆத்தா செஞ்சேன்.”

“தெரியும்ப்பா” என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை, மச்சான். அந்தத் ‘தெரியும்ப்பா’ சோற்றை இறங்கவிடவில்லை.

ஆகவே இனி யாரும் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அங்கிட்டு உள்ளவர்களை நீங்கள்தான் அடக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
கண்ணுசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பிரகதி கூப்பிட்டாள். அவள் சொன்ன பதிலில் திருப்தியாகி நார்வேக்காரர் ஒதுங்கிக்கொண்டாராம். ஆனால் இப்போது பிரேசில்காரர் ஒருவர், லைன் அறுவதெல்லாம் இந்தக் காலத்தில் எங்கே நடக்கிறது என்று கேட்கிறாராம். ஐஸ் கம்பெனியில் கரண்ட் போனால் மீன் போட்டோ பாதியில் நின்றுவிடுகிறது என்று புலம்புவீர்களே, மச்சான், அது காரணம்தானே? விலாசம் பின்பக்கம் இருக்கிறது. மருமகள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.