நான் ஜாதி நாய் வளர்த்த கதை

எனக்கு ஒரு காலத்தில் ஜாதி வெறி இருந்தது. மனிதர்களிடம் இல்லை, நாய்களிடம். ஒரு நாயைக் கண்டால் அதன் முகத்தைப் பார்க்க மாட்டேன். காது நிமிர்ந்திருக்கிறதா, முதுகு சரிந்திருக்கிறதா, அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் அச்சடித்த சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். (எங்கள் வம்சத்தில் பாட்டனுக்கு மேலே யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது வேறு விஷயம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து வீட்டில்தான் குடியிருந்தோம். நான் தினமும் அம்பாங்கானுக்குப் போய் ஒரு பல் கிளினிக்கில் கவுண்ட்டரில் உட்காருவேன். அங்கே தாதியாக இருந்தவள் புஷ்பா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரெம்பாவ் பக்கம் இருக்கும் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுவாள். சம்பளம் கிடையாது. (திங்கட்கிழமை காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாடையில், பசியாறுவது கொஞ்சம் கஷ்டம்தான்.)

நான் நாய் வாங்கப்போவதாகச் சொன்னதும் அவள், "ஏன்லா வாங்குற? எங்ககிட்ட வா, எத்தனையோ இருக்கு. புடிச்சதா ஒன்னு எடுத்துட்டுப் போ" என்றாள்.

"அப்பன் யாருன்னே தெரியாத நாய எப்படிலா வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறது?"

புஷ்பா கையிலிருந்த குறடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

அப்படித்தான் டயானா வந்தாள். சான்றிதழோடு வந்த ஜெர்மன் ஷெப்பர்ட். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். டயானாவுக்கு இரண்டு வயதானதும் அடுத்த யோசனை பிறந்தது. குட்டி போட வைப்பது. 'நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நல்ல ஷெப்பர்ட் வேண்டுமென்றால் அந்தப் பெண்ணிடம் கேள்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

மாப்பிள்ளை அம்பாங்கானிலேயே கிடைத்தான். பெயர் கைசர். சொந்தக்காரர் தேவராஜ் அங்கிள், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். கைசருக்குக் கூலி வேண்டாம், பிறக்கும் குட்டிகளில் முதல் குட்டியை அவரே பொறுக்கி எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. டயானாவை இரண்டு நாள் அவர் வீட்டில் விட்டேன். கூட்டி வரப் போனபோது கைசர் தரையில் மல்லாந்து கிடந்தான்.

"என்ன அங்கிள், ஆச்சா?"

"ஆயிருக்கும்னு நெனைக்கிறேன்மா. நான் வெளிய போயிட்டேன்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே முனியாண்டி மாமா இருந்தார். தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர். அவரிடம் அப்பு என்று ஒரு நாய். குட்டைக் கால், முறுக்கு மாதிரிச் சுருண்ட வால். இடது காது நிமிர்ந்து நிற்கும், வலது காது மடிந்து கிடக்கும். அது எங்கள் வேலிப் பக்கம் வந்தாலே செருப்பை எடுத்து வீசுவேன். அது செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போகும்.

டயானா திரும்பி வந்த மறுநாள் காலை, வேலிக்கு அடியில் ஒரு பள்ளத்தைப் பார்த்தேன்.

"உடும்பு தோண்டியிருக்குப்பா" என்றேன்.

அப்பா பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்தார். "உடும்புதான் போல" என்று சொல்லிவிட்டு லோரியை எடுக்கப் போய்விட்டார்.

ஒன்பது வாரத்தில் ஆறு குட்டிகள் பிறந்தன. பிறந்தபோது எல்லாம் கறுப்பாக, எலி மாதிரி இருந்தன. எந்தச் சந்தேகமும் வரவில்லை. முகநூலில் படம் போட்டதும் எங்கள் பல் டாக்டரே ஒன்று கேட்டார். இன்னும் இரண்டு குடும்பங்கள் கேட்டன. நான் கிளினிக்கில் நடக்கும் தோரணையே மாறிவிட்டது என்று புஷ்பா பிறகு சொன்னாள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து சில சில்லறைக் குறைகள் தெரிய ஆரம்பித்தன. கால் வளரவில்லை. கால்சியம் கொடுத்தேன். வால் சுருண்டது. வளர வளர நிமிர்ந்துவிடும் என்று இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அவரை முழுமனதாக நம்பினேன். ஆறுக்கும் வலது காது விழுந்து கிடந்தது. ஷெப்பர்ட் குட்டிகளுக்குக் காதில் டேப் ஒட்டி நிமிர்த்துவது உண்டு என்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது. கிளினிக்கிலிருந்து வெள்ளை டேப் கொண்டுவந்து ஆறு காதுகளையும் நிமிர்த்தி ஒட்டினேன். பார்ப்பதற்கு ஆறு நோயாளிகள் மாதிரி இருந்தன.

குட்டி பார்க்கும் நாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தேன். அம்மா மீகூன் சேமியா பிரட்டி, தே தாரிக் டீ கலக்கி வைத்திருந்தார். டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். மற்ற இரண்டு குடும்பங்களும் வந்தன. தேவராஜ் அங்கிள் கடைசியாக வந்தார், சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு. நான் சட்டம் போட்ட சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் நிறுத்திவைத்து, ஷெப்பர்ட் இனத்தின் பெருமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பேசினேன்.)

டாக்டர் ஒரு குட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இது நம்ம கிளினிக் டேப்பாச்சே" என்றார்.

தேவராஜ் அங்கிள் நாற்பது வருஷம் போலீஸில் இருந்தவர். ஒரு குட்டியை மடியில் வைத்து டேப்பை மெதுவாக உரித்தார். காது மடிந்து விழுந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் விழுந்தது. ஆறையும் உரித்து முடிக்கிற வரைக்கும் யாரும் மீகூனைத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து முனியாண்டி மாமா மோட்டாரில் வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே ஓடிவந்த அப்பு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் குட்டிகளிடம் போய் நடுவில் உட்கார்ந்தது. என்னைத் தவிர யாரைக் கண்டாலும் உறுமுகிற டயானா, அதன் முகத்தை நக்கிக் கொடுத்தாள். ஏழு வலது காதுகள் ஒரே மாதிரி மடிந்திருந்தன.

முனியாண்டி மாமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, இதுங்கள்லாம் நம்ம அப்பு புள்ளைங்க மாதிரி இருக்கே" என்றார். அவர் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. பெருமைதான் இருந்தது.

தேவராஜ் அங்கிள் எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினார். "கைசர் பேர கெடுத்துடாதம்மா" என்று மட்டும் சொன்னார். டாக்டரின் மனைவி, பாவம், என்னைத் தேற்றுவதற்காக, "மீகூன் நல்லா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது. குட்டிகள் ஆறும் அப்படியே இருந்தன.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"பள்ளத்தப் பாத்தன்னைக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் உடும்புன்னு சொன்னியே."

அன்று மத்தியானமே ஆறையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு ரெம்பாவுக்குப் போனேன். காப்பகம் எதற்கு இருக்கிறது என்பது என் எண்ணம். புஷ்பா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூண்டு கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வைக்கணும்னு நீயே பாத்துச் சொல்லுலா" என்றாள்.

வரிசையாக நடந்தேன். ஒரு நாய் இருக்க வேண்டிய கூண்டில் மூன்று நாய்கள் இருந்தன. என்னைப் பார்த்ததும் எல்லாம் எழுந்து கம்பிப் பக்கம் வந்தன. கடைசிக் கூண்டில் ஒன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. வயதான நாய். நிமிர்ந்த காது, சரிந்த முதுகு. எனக்குத் தெரியாதா, அசல் ஷெப்பர்ட்.

"இது எப்படி இங்க?"

"அடுக்குமாடி கொண்டோவுக்குக் குடி போறாங்களாம், நாய் வைக்க முடியாதாம். பேப்பரோட கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க. அப்பன் பேரு, பாட்டன் பேரு எல்லாம் ஃபைல்ல இருக்கு. வேணும்னா பாரு."

நான் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பினேன். இவற்றுக்கு நானே வீடு தேடிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"தேடு" என்றாள் புஷ்பா. "ஆனா ஒன்னு. நீ தேடப்போற ஆறு வீடும் இங்க உள்ள ஆறு நாய்க்குப் போயிருக்க வேண்டியது." கோபமாகச் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த திட்டுகளில் அதுதான் மிகச் சின்னது. இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் டயானாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தேன். முனியாண்டி மாமாவும் வெட்கப்பட்டுக்கொண்டே அப்புவைக் கூட்டி வந்தார். பிறகு இரண்டு பேரும் தோட்டம் தோட்டமாக வீடு தேடினோம். நான் டயானாவின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒருவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்பன் யாரு?"

"நம்ம அப்புதான்" என்பார் மாமா.

"யாரு, ஸ்டோருக்குள்ள வந்த நாகத்த வெரட்டுச்சே, அந்த அப்புவா? குடுங்க."

பத்து நாளில் ஆறு குட்டிகளும் போய்விட்டன. டாக்டருக்கு மட்டும் ஷெப்பர்ட் ஆசை விடவில்லை. புஷ்பா அவரை ரெம்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசிக் கூண்டைக் காட்டினாள். பேப்பர் இருக்கிறது, குணம் இருக்கிறது, பல்தான் பாதி இல்லை. பல் டாக்டருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை போலிருக்கிறது. அதைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோய், மூன்று வருஷம் கஞ்சி ஊட்டி வைத்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறு முதல் நானும் காப்பகத்தில் ரப்பர் பூட்ஸ் போட ஆரம்பித்தேன்.

இதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருக்கும், முனியாண்டி மாமா மறக்கவிட்டிருந்தால். குட்டிகள் பிறந்த கணக்கில் அவரும் நானும் சம்பந்திகள் ஆகிவிட்டோம் என்பது அவர் கட்சி. அதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிரம்பானில் என் கல்யாணம் நடந்தபோது, மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தவர், மேடைக்குக் கீழே நின்று, "சம்பந்தியம்மா, சாப்பாடு பிரமாதம்" என்று உரக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கைகூப்பினார்.

"நன்றிங்க. நீங்க பொண்ணு வீட்டுல என்ன முறைங்க?"

மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சுருக்கமாகச் சொல்லவும் தெரியாது. வேலிப் பள்ளத்தில் தொடங்கி டேப் வரைக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்தபடி, என் மாமியாரின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. என் மாமியார் இன்றுவரை என்னை மருமகளே என்று ஒருநாளும் அழைத்ததில்லை. காலையில் அடுப்படியிலிருந்து, "சம்பந்தியம்மா, தேத்தண்ணி ஆறுது" என்றுதான் குரல் வரும்.