மூவாயிரம் கோழியும் ஒரு மனுவும்

"ராணி! பதினோரு மணிக்கு ஆபீசர் வராங்களாம். நாத்தம் இருந்தா கொட்டகைக்கு சீல் வெச்சிடுவாங்களாம்!"

போனை வைத்த கையோடு சவரியப்பன் கொட்டகைக்கு ஓடினார். குருபரப்பள்ளியில் மூவாயிரம் கறிக்கோழி. அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. யாரோ மனு போட்டிருக்கிறார்கள்.

"எரு ஈரமா இருக்குதுங்க, அதான் நாறுது. வழிச்சுட்டுக் கடலைத்தோல் போடலாம்," என்றாள் அவர் மனைவி கிருபாராணி.

"அதுக்கெல்லாம் நேரமேது? தண்ணி அடிச்சுக் கழுவி உட்டா போச்சு."

கழுவிவிட்டார். அதுவரை படுத்திருந்த நாற்றம் எழுந்து உட்கார்ந்தது.

"சுண்ணாம்பு போட்டா அடங்கிடும்."

"வேணாங்க. ஈர எருவுல சுண்ணாம்பு பட்டா இன்னும் கெளம்பும்."

"நீ கம்முனு இரு."

மூன்று மூட்டை கொட்டினார். அமோனியா குபீரென்று கிளம்பியது. கோழிகள் தும்மின. சவரியப்பன் கண்ணில் தாரைதாரையாக நீர். எரிச்சல்தான் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அடுத்து, பெரிய மின்விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பிவைத்தார். பத்து நிமிடத்தில் பக்கத்து மாந்தோப்பு நாராயணப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, உள்ள என்ன செத்துது?"

"மனுவும் போட்டுட்டு நக்கலு வேற! ஆபீசர் வர்றது உனக்குத் தெரியாதாக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? சரி, வரட்டும். ரெண்டு வருசமா என் கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியல. இருந்து சொல்லிட்டே போறேன்." கயிற்றுக் கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மணி எட்டு. சவரியப்பன் சுண்ணாம்பு மூட்டைச் சாக்கின்மேல் சரிந்தார். "ராணி, இனி நீயே பாரும்மா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஒழுகிய குழாயை அடைத்தாள். படுதாக்களைச் சுருட்டி ஏற்றிக் காற்றை உள்ளே விட்டாள். சுண்ணாம்புச் சேற்றை வழித்துத் தள்ளுவண்டியில் ஏற்றித் தார்ப்பாயில் கொட்டினாள். மழை வந்தாலும் கரைந்து கிணற்றுக்குப் போகாதபடி மேலேயும் மூடினாள். கடலைத்தோலை மெத்தைபோலப் பரப்பினாள். நடுவே, கோழி ஒன்று மூச்சுவிடும் சத்தத்தை வைத்தே அதற்குச் சளி என்று கண்டுபிடித்துத் தனியே எடுத்துவைத்தாள்.

சவரியப்பன் வாய் பிளந்து பார்த்தார். இருபது வருடமாக இவள் பக்கத்தில்தான் சாப்பிடுகிறோமா என்று இருந்தது. நாராயணப்பனே ஒருகட்டத்தில் எழுந்து தள்ளுவண்டியைப் பிடித்தார்.

பதினோரு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ப்ரீதா மூக்கைச் சுருக்கினார். பிறகு மெல்ல விரித்தார்.

"பரவால்லியே, அருமையா வெச்சிருக்கீங்க. இன்னிக்கு சீல் இல்ல. ஆனா எருவ இப்படியே குவிச்சா நெலத்தடித் தண்ணி கெட்டுப்போயிடும். மூணு மாசத்துல எரிவாயுத் தொட்டி கட்டியாகணும்."

"கட்டிடறேன் மேடம். இவளும் மூணு வருசமா அதத்தான் சொல்லிக்கினு இருக்கறா. எல்லாம் இவ மூளைங்க." பெருமையில் அவர் நெஞ்சு விம்மியது. "மனு போட்டவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். கையில கெடைச்சான்னா இருக்குது அவனுக்கு!"

"அத வெளிய சொல்லக் கூடாதுங்க."

ப்ரீதா போய் ஜீப்பில் ஏறினார். ஓட்டுநர் தங்கதுரை மட்டும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, நேரே கிருபாராணியிடம் நீட்டினார்.

"மேடம் மறந்துட்டாங்க. மனு குடுத்தவங்க கையெழுத்து இந்த எடத்துலக்கா."