வேட்டி கட்டிய செவலையும் கட்டாத நானும்

ஒருவனுடைய மானத்தை வாங்கப் பெரிய அலையெல்லாம் அடிக்க வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீர் போதும். என் மானம் தொண்டிக் கடலில் அப்படித்தான் போனது.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். அய்யாவுக்கு நான் ஒரே மகன். அவரைக் கேட்டால் எங்கள் நாய் செவலையையும் சேர்த்து இரண்டு என்பார் (மூத்தவன் செவலை). டிராக்டர் டிரெய்லர் ஏறி அவனுக்குப் பின்னங்கால் எலும்பு முறிந்தது. டாக்டரம்மா ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார். புண் ஆறித் தையலும் பிரித்தாயிற்று, ஆனால் பயல் அந்தக் காலை மட்டும் தரையில் வைக்கவே இல்லை.

“இப்படியே விட்டா சதை வத்திப்போயிரும். அப்புறம் கால் இருந்தும் இல்லாத மாதிரிதான்,” என்றார் டாக்டரம்மா. “நெஞ்சளவு தண்ணில மெதுவா நடக்க விடுங்க. உடம்புப் பாரம் தெரியாது, பயம் தெளிஞ்சுரும். வயித்துக்கடியில துண்டக் குடுத்துத் தாங்கிப் புடிச்சுக்கங்க.”

அன்றைக்கு அய்யா சோறு சாப்பிடவில்லை.

கண்மாயில் சேறுதான் கிடந்தது. அதனால் குட்டியானை வண்டியில் செவலையை ஏற்றிக்கொண்டு தொண்டிக்குப் போனோம். அய்யா கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் பெண்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செவலையோடு கடலில் இறங்கினேன்.

நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன் (அந்தப் பக்கத்துக் கடல் சாப்பாட்டுத் தட்டு மாதிரி). நாய்க்கு நெஞ்சளவு வருவதற்குள் அய்யா கடுகளவு ஆகிவிட்டார். அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது, துண்டு வண்டியிலேயே கிடக்கிறது!

அறிவுள்ளவன் திரும்பிப் போய் எடுத்து வருவான். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேட்டியை அவிழ்த்தேன். நாலாக மடித்துச் செவலையின் வயிற்றுக்கடியில் கொடுத்து, கை வழுக்காமல் இருக்க முதுகில் ஒரு முடிச்சும் போட்டேன். (உள்ளே போட்டிருந்ததைப் பற்றிக் கேட்காதீர்கள். பின்பக்கம் நல்ல காற்றோட்டம்.)

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் நடந்தோம். அதற்குள் அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. கரையிலிருந்து “ஏலே செவலே!” என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான், என் கையை உதறிக்கொண்டு பறந்துவிட்டான். வேட்டியோடு.

நான் இடுப்பளவு தண்ணீரைத் தேடி இன்னும் உள்ளே போனேன். எவ்வளவு போனாலும் தொடைக்கு மேல் ஏற மாட்டேன் என்றது அந்தப் பாழாய்ப்போன கடல். வேறு வழியில்லாமல் தண்ணீருக்குள் கழுத்துவரை உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன்.

செவலை கரையை நெருங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது, வயிற்றிலிருந்து முட்டிக்கு இறங்கியது. இப்போது காலைத் தூக்கிவிடுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தூக்கவில்லை! மயிர் மழித்த அந்தச் சூம்பிய கால் மணலில் பதிந்தது. எழுந்தது. மறுபடியும் பதிந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. இரும்பை வைத்து முடுக்கிய எலும்பு ஒரு குரலைக் கேட்டதும் தானாக நடக்கிறதே, சாமீ!

“அய்யா! ஊண்டிட்டான்! கால ஊண்டிட்டான்!”

கத்திக்கொண்டே எழுந்து ஓடினேன். அழுதுகொண்டே கரைவரைக்கும் ஓடி அய்யாவைக் கட்டிப்பிடித்தேன். அவர் செவலையைக் கட்டிப்பிடித்திருந்தார்.

கருவாட்டுக்கார அக்கா ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “ஏலே, நாயி கால ஊண்டுனது சந்தோசந்தேன். நீ மொதல்ல எதையாச்சும் உடுத்துலே!”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஐயோ! வேட்டியைப் பிடுங்கப் போனால் அய்யா விடவில்லை. “இருக்கட்டும்டா, அவனுக்குத்தேன் நல்லாருக்கு,” என்றார், கண்ணைத் துடைத்தபடியே. அந்த அக்கா எறிந்த கருவாட்டுச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

“நடக்கத்தான சொன்னேன், யாரு ஓடவிட்டது?” என்று டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். பிளேட் அசையாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது செவலை தெருவில் ஒரு பைக்கை விடுவதில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த நாய்க்குக் கால் ஆபரேஷன் நடந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். “அண்ணே, ஒங்க மகனச் செத்த நேரம் கடலுக்கு அனுப்பி விடுங்க.” ஒரு கால் மணலில் பதிவதை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்குமே என்று நானும் போகத்தான் செய்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் வந்தவர்களிடம் அய்யா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “வேட்டியோடயா, வேட்டி இல்லாமயா?”