பேஸ்பால் சாமியின் வெயில்

திருவனந்தபுரத்தில் பேஸ்பால் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் பேஸ்பால் சாமி. அங்கே அதை ஆடியவர்களைக்கூட நான் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

நான் பிழைதிருத்துபவனாக இருந்த பத்திரிகையில் அவர் விளையாட்டு நிருபர். கிரிக்கெட்டையும் கால்பந்தையும் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ள, மிச்சமிருந்த பேஸ்பால் இவர் தலையில் விழுந்தது. சாமியோ அதை ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். கிழக்கேகோட்டை ஓட்டலில் நாலு வடையைத் தட்டோடு மேஜையில் நாலு மூலையிலும் வைத்து ஆட்டத்தை விளக்குவார். சர்வர் தட்டை எடுக்க வந்தால் அலறுவார்.

"டேய், மூணாவது பேஸை எடுக்காதே! ஓடி வரவன் எங்கே போய் நிப்பான்?"

ஒரு விசித்திரம் உண்டு. கேட்சை விட்டவர் பெயரை மட்டும் எழுதவே மாட்டார். 'பந்து நழுவியது', அவ்வளவுதான்.

"சாமி, பந்து தன்னால குதிச்சு சாடியோ?" என்று எடிட்டர் எகிறுவார்.

"பேரை எழுதினா அந்தக் குட்டியோட ஆத்துல வாசிப்பா இல்லையோ, சார்?"

இரண்டாயிரத்துக்குப் பிறகு உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று பெண்கள் கல்லூரி பேஸ்பால் இறுதி ஆட்டத்தை நேரடியாகக் காட்டியது. நிபுணருக்கு வேறு எங்கே போவார்கள்? சாமி இரவல் கோட்டில் டிவியில் உட்கார்ந்தார்.

அந்த ஆட்டத்தில் என் தங்கை ராஜியும் இருந்தாள். இதைச் சாமியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கரமனையில் எங்கள் வீட்டுக்கே வடையோடு வந்துவிடுவார். ராஜி விளையாடுவதே அப்பாவுக்குப் பிடிக்காது. காலையிலேயே சொல்லிவிட்டார்: "ஊரே பார்க்கப் போறது. மானம் கப்பலேறித்துன்னா இந்தப் பந்தாட்டம் இன்னியோட போதும், கேட்டியா."

கடைசிப் பந்து உயரே எழும்பியது. தூறல். ராஜி கீழே போய் நின்றாள். கைக்கு வந்த பந்தை விட்டாள். ஆட்டம் போயிற்று.

சேனல்காரர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நானும் அப்பாவும் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆராணு சாமி கேட்ச் விட்டது?" என்றார் தொகுப்பாளர்.

"வெயில் கண்ணுல அடிச்சுடுத்து."

திரையில் பின்னால் எல்லாரும் குடை பிடித்திருந்தார்கள். "மழையல்லே சாமி?"

"மழைக்கு நடுவுலயும் வெயில் அடிக்கும். பார்க்கத் தெரியணும். அதிருக்கட்டும், பாவம், அவ ஒரு தடவைதானே விட்டா? நீங்க எத்தனை தடவை விட வைக்கறேள்?"

தொகுப்பாளர் அவசரமாக விளம்பரத்துக்குப் போனார்.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் குடைக்குள் ராஜி அழுதுகொண்டே வந்தாள்.

"இனிமே போகலைப்பா."

அப்பா குடையிலிருந்து தண்ணீரை உதறினார். "வெயில் கண்ணுல அடிச்சா ஆருதான் பிடிப்பா? நாளைக்கு ப்ராக்டீஸ் உண்டோ, இல்லையோ?"

சேனல் சாமியை மறுபடி கூப்பிடவில்லை. ராஜிக்குப் பரிந்து பேசித்தானே அவருக்கு டிவி போயிற்று என்று மனசு கேட்கவில்லை. அவள் என் தங்கை என்று போய்ச் சொன்னேன்.

"உன் தங்கையா! முன்னமே சொல்லப்படாதோ? அவ எறியறது பிரமாதம்டா. அதை ஒருத்தனும் ரீப்ளே போடலையே!"

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கைதவறி டம்ளரைப் போட்டால், "வெயில்" என்பார் அப்பா. எல்லாரும் சிரிப்போம். எனக்கு மட்டும் சாமியை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கும்.