திருச்சுழி விலக்கில் ஒரு நடைபாதை

சிமெண்டுப் பாதை முழுக்கக் கம்பு காய்ந்துகொண்டிருந்தது. அதில் நடக்க வேண்டிய ஜனமோ, சைக்கிள்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, நடுரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் ஊர்வலம் போனது.

ஓவர்சியர் நவநீதகிருஷ்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சுழிக்கு ரோடு பிரிகிற இந்த விலக்கில் லாரிக்குப் பயந்து நடக்கவும் முடியவில்லை, சைக்கிள் மிதிக்கவும் முடியவில்லை என்று இருநூறு பேர் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்தார்கள். மேலிடம் மனமிரங்கியது. ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டடி அகலத்துக்கு, வெயிலில் நின்று அவரே போட்ட பாதை. திங்கட்கிழமை பெரிய இன்ஜினியர் பார்வையிட வருகிறார். சொதப்பினால் மாற்றல்தான். நாலு வருஷத்தில் ஐந்து ஊர் பார்த்தாயிற்று. மகள் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஒரு கரண்டியைக்கூட மூட்டை கட்ட மாட்டேன் என்று வீட்டில் கனகலட்சுமி தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

கம்பைக் காலால் கிளறிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டியிடம், இது நடப்பதற்கான இடம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"நடந்துக்கிட்டுத்தானய்யா இருக்கேன்," என்றார் கருத்தப்பாண்டி, கிளறுவதை நிறுத்தாமல்.

கம்பு ஏற்றிய மாட்டுவண்டி பாதையில் ஏறுவதால்தானே இந்தக் கூத்து என்று பாதையின் முனைகளில் கல் ஊன்றினார் ஓவர்சியர். வண்டி நின்றது. பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். இனி எந்தச் சக்கரமும் ஏறாது என்ற தைரியத்தில் பக்கத்து ஊர்க் கொத்தமல்லியும் காய வந்து சேர்ந்தது.

பாதையும் ரோடும் ஒன்றாகத் தெரிவதுதான் கோளாறு என்று அடுத்து ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர் எழுப்பினார். புண்ணியவான், காத்துக்கு இனி ஒரு மணி சிந்தாது என்று ஊரே வாழ்த்தியது. அவருக்கு அழுகை வந்தது.

நடுரோட்டில் போகிற ஜனத்தின் உயிராவது தப்பட்டும் என்று கடைசியாக ஒரு வேகத்தடை போட்டார். மறுநாள் காலையில் அதன்மேல் அறுத்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ்கள் மெதுவாக ஏறி இறங்கி, பதமாக மிதித்துக் கொடுத்துவிட்டுப் போயின. முன்பெல்லாம் பஸ் போகிற வேகத்தில் உளுந்து உடைந்துபோகும், இப்போது முழுசாக வருகிறது என்று கருத்தப்பாண்டி சான்றிதழ் கொடுத்தார்.

திங்கட்கிழமை பெரிய இன்ஜினியரின் ஜீப்பு அந்த வேகத்தடையில் ஏறியது, சக்கரத்தில் செடி சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. இறங்கி நடக்கலாமென்றால் பாதையில் கால் வைக்க இடமில்லை. நடுரோட்டிலேயே நடந்து, சைக்கிள் ஒன்றுக்கு ஒதுங்கி, லாரி ஒன்றுக்குத் துள்ளி விழுந்து, டைரியில் என்னவோ எழுதிக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதியிருப்பார் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயுசில் யாரையும் கடிந்து பேசாத நவநீதகிருஷ்ணன், மனுவில் முதல் கைநாட்டு வைத்த முத்துத்தாயிடம் நேரே போனார். அவள் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உசுரு போகுது, நடக்க வழி வேணும்னு நீங்கதானம்மா மனுக் குடுத்தீக? இப்படி என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீகளே."

முத்துத்தாய் சொளகைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றாள்.

"கம்பு காயப்போட ஒரு களம் வேணும்னு எட்டு வருசமா மனுக் குடுத்தோம்ய்யா, கேக்க நாதியில்ல. நடக்க வழி வேணும்னு மாத்தி எழுதினோம், மூணே மாசத்துல போட்டுக் குடுத்துட்டீக."