பீமன் அருவியில் ஒரு பொதுக்குழு

கூட்டம் நடத்துவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருப்பவனுக்கு வேறு எதில் திமிர் வந்துவிட முடியும்? தலைவர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று, வந்தவர்களை எண்ணி, "கோரம் இருக்கிறது, கூட்டத்தைத் தொடங்கலாம்" என்று அறிவிப்பது அங்கே என் வேலை. அதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கனத்துவிடும். (வீட்டில் "சாம்பாரில் உப்பு இல்லை" என்று சொல்லும்போதும் அதே குரல்தான் வருகிறது என்பது என் மனைவி கலாவின் நெடுநாள் புகார்.)

அந்தக் குரலை நம்பித்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேலூரிலிருந்து கணியம்பாடி போகிற சாலையில் பன்னிரண்டு வீடுகள், மூன்று மாடிகள், ஒரு லிப்ட் கொண்ட சின்னக் கட்டடம். அந்த லிப்ட் ஒருநாள் நின்றது. வந்து பார்த்த மெக்கானிக், இதைச் சரி செய்வதைவிடப் புதிதாகப் போடுவதே மேல் என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படி வழியாகவே இறங்கிப் போனார்.

லிப்ட் நின்றதில் மற்றவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்கியதோடு சரி. மூன்றாவது மாடி ரோஸ்லின் அக்காவுக்கு நடமாட்டமே நின்றுபோனது. கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போக முடியாமல் பால்கனியில் உட்கார்ந்தே மாதங்களைக் கழித்தார். காய்கறிக்காரர் வந்தால் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார். அந்தக் கூடை ஆடி ஆடி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

புது லிப்ட் போட வேண்டுமென்றால் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். ஏழு வீட்டு உரிமையாளர்களாவது இருந்தால்தான் கோரம். இரண்டு முறை கூட்டினேன், இரண்டு முறையும் மொட்டை மாடியில் நானும் காலி நாற்காலிகளும்தான் மிச்சம். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கிரிக்கெட். இரண்டாவது தடவை கூட்டம் கலைந்ததும் ரோஸ்லின் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"பரவால்ல தம்பி. இன்னொரு தபா கூட்டிப் பாரு," என்றார். "அதுவும் ஆவலன்னா வூட்ட வித்துட்டு பெங்களூர்ல தம்பி வூட்டோட போய்டறேன். அங்க ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிரவுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. மீட்டிங் என்றால் வராதவர்கள் டூர் என்றால் வருவார்கள். ஜவ்வாது மலைக்கு ஒரு வேன் வைத்து, பீமன் அருவியைக் காட்டி, மதியம் பிரியாணி போட்டு, நடுவில் பொதுக்குழுவைச் செருகிவிட்டால் எவரும் தப்பி ஓட முடியாதே. நோட்டீசில் 'இடம்: பீமன் அருவி' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் ரத்து, வேறொருவர் சார்பில் வருபவர் முந்தின நாளே எழுத்தில் தர வேண்டும் என்று விதிகளையும் கீழே அடுக்கினேன். (யாரும் கேட்கவில்லை. விதி எழுதுவதென்றால் எனக்குக் கை நிற்காது.)

சரியாக ஏழு வீடுகள் பெயர் கொடுத்தன. ரோஸ்லின் அக்கா, "நாலு பேரு சேர்ல வெச்சி தூக்கினா நானும் வர்றேன்," என்றார். தூக்கினோம். மூன்று மாடியும் பிளாஸ்டிக் நாற்காலியில் இறங்கி வேனில் ஏறியவர், அமிர்தி தாண்டிக் காடு ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டு முகத்தில் காற்று அடிக்க உட்கார்ந்திருந்தார்.

அருவிக்கு மேலே, வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு புளியமரம். 'பொதுக்குழு' என்று எழுதிய பேனரை வேனிலும் மரத்திலுமாகக் கட்டினேன். பெண்களும் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். கலா, "நாங்களும் இருக்கணுமா?" என்று கேட்டாள்.

"மீட்டிங் உங்களுக்கு போர் அடிக்கும். நீங்கல்லாம் போய் அருவியில நல்லா குளிச்சிட்டு வாங்க," என்றேன்.

அவர்கள் சந்தோஷமாகப் படி இறங்கிப் போனார்கள். மரத்தடியில் நாங்கள் ஆறு ஆண்கள், ரோஸ்லின் அக்கா, அப்புறம் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் தினேஷ். தினேஷ் பிரியாணிக்காக வந்தவன் என்றாலும் முதல் வரிசையில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் குரலை வரவழைத்தேன்.

"கூட்டம் தொடங்குமுன் கோரம் சரிபார்க்கப்படுகிறது. உரிமையாளர் அல்லாதவர்கள் பார்வையாளராக உட்காரலாம். பேசக் கூடாது. தினேஷ், நீ கொஞ்சம் பின்னாடி போய்க்கோப்பா."

"ஏன் சார்? நானும் அதே பில்டிங்லதான இருக்கேன்?"

"இருக்கறது வேற, ஓனரா இருக்கறது வேற. பத்திரத்துல பேர் இருக்கணும்."

தினேஷ் எழுந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டே, சும்மா வயிற்றெரிச்சலில், "அப்ப உங்க பேர் இருக்குதா சார்?" என்று கேட்டான்.

"இன்னா கேள்வி இது? நான் ஓனர்பா," என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'நான்' வரைதான் வந்தது.

வீடு வாங்கிய நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கலா அரசுப் பள்ளி ஆசிரியை. வங்கிக் கடன் அவள் சம்பளத்துக்குத்தான் கிடைத்தது. மாதாமாதம் தவணை அவள் கணக்கிலிருந்துதான் போகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவள் கட்டைவிரல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் அவள் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து.

என் வீடு, என் வீடு என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், என் வீட்டுக்கு வெறும் சாட்சி. செயலாளர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று விதி எழுதியவனும் நான்தான்.

"கலா பேர்ல இருக்குது," என்றேன். குரல் கனக்கவில்லை.

தினேஷ் சிரித்தான். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தால் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது. ஓய்வுபெற்ற கண்டக்டர் முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "நம்முளுதும் வூட்டுக்காரம்மா பேர்லதாங்க. எனக்கு மனை யோகம் கெடையாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு."

அடுத்தடுத்து ஒவ்வொருவராக வாயைத் திறக்க, எல்லாம் வெளியே வந்துவிட்டது. வீடு விற்றவர் எல்லோரிடமும், "மேடம் பேர்ல போட்டா பேங்க்ல வட்டி கொறைவு சார்," என்று ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார். தரைத்தளத்து பாஸ்கருக்கு மட்டும் காரணம் வேறு. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடை நொடித்தாலும் கடன்காரர்கள் வீட்டைத் தொடக் கூடாது என்று மனைவி சுமதி பெயரில் வாங்கியவர்.

நான் எண்ணினேன். எண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்திரத்தில் தன் பெயர் உள்ள ஒரே ஆள் ரோஸ்லின் அக்கா. அவர் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, கோரம் எவ்ளோ?"

"ஒண்ணுக்கா."

பாஸ்கருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. லிப்டை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர் அவர்தான். கீழ் வீட்டுக்காரன் எதற்கு லிப்டுக்குக் காசு தர வேண்டும் என்பது அவர் கட்சி. "ரூல்னா ரூல். கோரம் இல்லன்னா மீட்டிங் இல்ல. வாங்க, சாப்பிடலாம்," என்று நாற்காலியை மடக்கினார்.

"பொம்பளைங்ககிட்ட லெட்டர் வாங்கிக்கிட்டா?" என்றார் முனிரத்தினம்.

"மொத நாளே குடுத்திருக்கணுங்க," என்றேன். எந்த மடையன் அந்த விதியை எழுதினானோ.

ரோஸ்லின் அக்கா கடித்த கொய்யாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த பெங்களூர் மூலை கண்முன் வந்தது. அரை மணிக் கெடு முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அருவியை நோக்கிப் படியில் ஓடினேன்.

கீழே ஆறு உரிமையாளர்களும் பாறையில் வரிசையாக உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். தினேஷைப் பின்னால் போகச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதை என்னால் இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

"அப்போ நாங்கதான் ஓனரு. எங்களயே குளிக்க அனுப்பிட்டு நீங்க மீட்டிங் போட்டீங்க," என்றாள் கலா.

"தப்புதான். சீக்கிரம் மேல வாங்க."

"ஈரத்தோட யாரு ஏறுவாங்க? இங்கயே வெச்சிக்கலாம்."

"நோட்டீசில…"

"நோட்டீசில எந்த எடம் போட்டீங்க?"

"பீமன் அருவி."

"இது இன்னா?"

பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. விதிப்படி இடம் சரிதான். ஆனால் கீழே இருந்தது ஆறு பேர். ஏழாவது ஆள் மேலே. "அக்காவால எறங்க முடியாது கலா."

"மூணு மாடி எறக்கினீங்க இல்ல?"

திரும்ப ஓடி ஏறினேன். நாற்காலிக்கு நான்கு கால், நான்கு ஆள் வேண்டும். நான், முனிரத்தினம், தினேஷ். மற்றவர்கள் முதுகு வலி என்று நகர்ந்தார்கள். ரோஸ்லின் அக்கா நேராக பாஸ்கரைப் பார்த்து, "பாஸ்கரு, நீதான் நல்லா தெம்பா கீற. ஒரு பக்கம் புடிப்பா," என்றார். ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பார்த்துக் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்? பிடித்தார். பாதி வழியில் பாஸ்கருக்கு மூச்சு இரைத்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும், "இன்னாத்துக்கு இவ்ளோ படி கட்டி வெச்சானுங்க?" என்று முனகினார். "எனக்குத் தெனமும் அதே கேள்விதாம்பா," என்றார் அக்கா.

நாற்காலியைப் பாறையோரம் வைத்ததும் கலா எழுந்து நின்றாள். ஈரப் புடவை, கையில் சிப்ஸ் பாக்கெட். எண்ணினாள். "ஏழு பேர் இருக்கோம். லிப்ட் போடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒரு கூட்டத்தை இவ்வளவு சுருக்கமாகத் தொடங்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் தூக்கியவர் சுமதி. பாஸ்கர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "சுமதி, நாம கீழ் வூடு…" என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்குக் கீழ் வூடு. நாளைக்கு எனக்கு முட்டி தேயாதா? அதுவுமில்லாம நீங்க பார்வையாளருங்க, பேசக் கூடாது," என்றார் சுமதி.

ஏழு கைகளும் மேலே இருந்தன. ரோஸ்லின் அக்கா கையை எல்லோரும் இறக்கிய பிறகும் இறக்கவில்லை. அழுதாரா, அருவிச் சாரலா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அது எனக்குத் தெரியும். அடுத்த தீர்மானமாகக் கலாவைச் செயலாளர் ஆக்கினார்கள். என்னைப் பற்றி ஒரு நன்றித் தீர்மானம் போடலாமா என்று முனிரத்தினம் கேட்டதற்கு, பிரியாணி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

புது லிப்ட் ஓட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இரண்டாவது மாடி வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ரோஸ்லின் அக்கா, வெள்ளைப் புடவையும் கையில் பைபிளுமாக, சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்றார். தூக்க ஆள் இல்லாமல், யாரையும் கேட்காமல், அவராகவே வந்து நின்றார். உள்ளே வாங்கக்கா என்றேன்.

"இருக்கட்டும் தம்பி," என்று என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "வூட்டு ஓனர் இருக்காங்களா?"

உள்ளே என் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் யாருமே எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டு வேறு எதையும் கேட்பதில்லை. நானும் "இருங்க, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.