மே பதினைந்து வரை குளிர்காலம்

ரயிலில் போகிறவர்களுக்கு ஆண்டில் பருவங்கள் இரண்டு. மே பதினைந்து வரை குளிர்காலம்; அதன் பிறகு கோடைகாலம். வசந்தம் என்று ஒன்று இருப்பதாகப் பயணிகள் வெப்பநலப் பிரிவுக்கு இதுவரை எவரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை. ஆகவே அது இல்லை.

இப்படி ஆணை எழுதியவர் அந்தப் பிரிவின் அதிகாரி லியோந்தி சவ்விச். சமாரா நகரத்தில், வோல்கா ஆற்றைப் பார்த்த அறையில், ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார். குளிர்காலத்தில் பெட்டியின் வெப்பமூட்டி அணையலாகாது, ஜன்னல் திறக்கலாகாது. பயணிக்குச் சளி பிடித்தால் துறை பொறுப்பு. வெந்துபோனால் இயற்கை பொறுப்பு.

லியோந்தி சவ்விச் மாஸ்கோவுக்குப் போவதென்றால் விமானத்தில்தான் போவார். ஆனால் அந்த மே மாதத் தொடக்கத்தில், ஊர் ஜனங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்துக்கொண்டிருந்த ஒரு வெயில் நாளில், விமான நிலையத்தைத் திடீரென்று மூடிவிட்டார்கள். மறுநாள் காலை தலைமை அலுவலகத்தில் அவருக்குப் பதவி உயர்வு கொடுப்பதா வேண்டாமா என்று பேச ஐந்து பேர் கூடுகிறார்கள். பல வருஷமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி. வேறு வழியில்லாமல் மாலை ரயிலில் ஏறினார்.

ஏறிய உடனேயே மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது.

கூபே என்கிற, கதவு வைத்த அவருடைய தடுப்பறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எதிர்ப் படுக்கையில் ஃபாயினா அக்கா, வாட்டசாட்டமான ஆள், மாஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவள். வறுத்த கோழி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய் எல்லாம் மேசையில் பரப்பியாயிற்று. படுக்கைக்கடியில், மருமகன் புதிதாகக் கட்டிய நீராவிக் குளியலறைக்கென்று பிர்ச் மரத்தின் இலையோடு கூடிய மிலாறு இரண்டு கட்டு. அங்கே முதுகில் அடித்துக்கொள்ள அது இல்லாமல் முடியாது. மேல் படுக்கையில் மிலானா. கைப்பேசியில் தன்னையே படம் பிடித்து, எதைச் சாப்பிடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பெண்.

பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ராயிசா தேநீர் கொண்டுவந்தாள்.

"இந்தாம்மா, இது ரயிலா, அடுப்பா?" என்றாள் ஃபாயினா.

"ஆர்டர், அக்கா. மே பதினஞ்சு வரைக்கும் குளிருது."

"யாருக்குக் குளிருது?"

"துறைக்கு."

"எந்தப் படுபாவி அப்படி எழுதினான்?"

"பேரு யாருக்குத் தெரியும்? கீழ கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து இருக்கு."

லியோந்தி சவ்விச் தம் கையெழுத்தைப் பற்றி அதுவரை உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருந்தார்.

"அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், உரிச்சு உப்புத் தடவிடறேன். நீங்க என்ன சொல்றீங்க, சார்?"

"உரிக்கணும்தான்," என்றார் அவர், சுரத்தில்லாமல்.

அந்தப் பதில் பிடித்துப்போய் ஃபாயினா அவருக்கு ஒரு கோழிக்கால் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது.

பொழுது சாயும்போது அவருடைய கழுத்துப்பட்டி கழன்றது, கோட்டு கழன்றது. நாளைக்கென்று தேய்த்து வைத்த சட்டை, பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும் போலிருந்தது. கடைசியில் நடைபாதைக்கு வந்து, வெந்நீர்க் கொப்பரை அருகே நின்ற ராயிசாவின் காதோரம் குனிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத. அந்த ஆர்டரை எழுதினது நான்தான். நானே சொல்றேன், ஜன்னலைத் திற."

ராயிசா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "வாங்க சார், இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க. ஒன்பதாவது விதி என்ன சொல்லுது? 'ஜன்னலைத் திறக்கும் பொருட்டுத் தன்னை அதிகாரி எனக் கூறிக்கொள்பவர், வெப்பத்தினால் புத்தி பேதலித்தவராகக் கருதப்பட்டு, கனிவுடன் நடத்தப்படுவார்.' இன்னிக்கு உங்களோட சேத்து மூணு பேர் ஆச்சு. ஒருத்தர் தன்னை மந்திரின்னே சொன்னாரு, பாவம்."

ஒன்பதாவது விதி அவருக்குத் தெரியும். 'கனிவுடன்' என்ற சொல்லைக் கடைசி நேரத்தில் சேர்த்தவரே அவர்தான். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்.

"அடையாள அட்டை வெச்சிருக்கேன்! பாரு!"

"பத்தாவது விதி, சார்."

பத்தாவது விதியும் ஞாபகம் வந்தது: அப்படிப்பட்டவர் காட்டும் அட்டை செல்லாது. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொதிக்கும் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, வெளியே குளிர்ந்த வயல்கள் ஓடுவதைப் பார்த்தபடி, லியோந்தி சவ்விச் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல தீர்மானம் செய்தார். நாளைக் காலை ஐந்து பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாற்காலி போனால் போகட்டும். அந்த ஆணையைத் தம் கையாலேயே கிழித்துப் போட வேண்டும். இப்படி நினைத்தபோது அவருக்குக் கண்ணீர் வந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

அவர் திரும்பி வந்தபோது, மிலானா கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நண்பர்களே, இதை வெக்கைன்னு நெனைக்காதீங்க. உடம்புல உள்ள விஷமெல்லாம் வெளிய போகுது. நம்ம பாட்டன் பூட்டன் நீராவிக் குளியல், இப்ப சக்கரத்து மேல!"

"விஷமா? எனக்குள்ளயா?" என்றாள் ஃபாயினா.

"எல்லாருக்குள்ளயும்தான், அக்கா. பழைய கோபம்கூட இதுல கரைஞ்சு போயிடுமாம்."

ஃபாயினா கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து மிலாற்றுக் கட்டை அவிழ்த்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க, சார். வெக்கப்படாம குனிங்க. இது எம் மருமகனுக்கு! இது என் பென்ஷனை இழுத்தடிச்ச கிளார்க்குக்கு! இது அந்த ஆர்டர் எழுதினவனுக்கு!"

முதல் இரண்டு அடிகளும் முகவரி மாறி விழுந்தவை. மூன்றாவது சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சற்று நேரத்தில் பெட்டி முழுவதும் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு நடைபாதையில் வரிசை கட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டும்படி ராயிசாவைக் கெஞ்சினார்கள்.

"இதுக்கு மேல ஆர்டர் இல்லீங்க."

"ஆனாலும் அந்த ஆர்டர் போட்டவன் அறிவாளிதான்," என்றாள் ஃபாயினா, மூச்சு வாங்க.

மாஸ்கோவில் லியோந்தி சவ்விச் ஐவர் முன் போய் நின்றபோது முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. கோட்டு பாத்திரம் துடைத்த துணி. காலரில் ஒரு பிர்ச் இலை. தலைவர் விகேந்தி ஓசிபொவிச்சோ காலைப் பலகாரத்தின்போதே மிலானா ரயிலில் எடுத்த படத்தை மனைவி காட்டப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஊரே அதைப் பார்த்திருந்தது.

"ஐயா, அந்த ஆணை ஒரு பெரிய…"

"புரட்சி!"

"தவறு, ஐயா."

"தவறுதான்! இத்தனை நாள் இதை எங்ககிட்ட மறைச்சது உங்க தவறுதான்."

"ஐயா, ஜனங்க வேகறாங்க!"

"சும்மாவா வேகறாங்க? இனிமே அதுக்குத் தனிக் கட்டணம்." தலைவர் மற்ற நால்வரையும் பார்த்தார். "மனுஷன் தன் உடம்பை வெச்சே சோதனை பண்ணியிருக்காரு. இவரைவிட்டா யாருக்குக் குடுக்கறது?"

உண்மையைச் சொல்ல இன்னும் அவகாசம் இருந்தது. லியோந்தி சவ்விச் வாயைத் திறந்தார். அப்போது நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். தோல் போர்த்தியது, சக்கரம் வைத்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜூன் மாதத்துக்குள் பீட்டர்ஸ்பர்க், கசான், சமாரா என்று எல்லா இரவு ரயில்களிலும் நீராவிப் பெட்டிகள் வந்துவிட்டன. குளிர்காலம் வருடம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. புகார்களும் வந்தன. பயந்துகொண்டேதான் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே குறை: சூடு போதவில்லை. ஃபாயினா எழுதியது இன்னும் காட்டமாக இருந்தது: "போன தடவை இரண்டு முறை மயக்கம் வந்தது. இந்தத் தடவை ஒரு முறைகூட வரவில்லை. கொடுத்த காசுக்கு இதுவா மரியாதை?"

ஆகஸ்டில், சமாராவிலேயே தங்கிவிட்ட மனைவியைப் பார்த்துவர மாஸ்கோவிலிருந்து ஊருக்குக் கிளம்பினார் லியோந்தி சவ்விச்; விமான நிலையம் அன்றைக்கும் மூடிக் கிடந்தது. அதிகாரி என்று காட்டிக்கொள்ளாமல் ரயில் நிலையத்து வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"சமாராவுக்கு ஒண்ணு. ஜன்னல் திறக்கிற பெட்டியா…"

"காத்துப் பெட்டியா?" டிக்கெட் கொடுக்கிற பெண் உரக்கக் கேட்டாள். "டாக்டர் சீட்டு வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"நல்லா இருக்கிற மனுஷனுக்குக் காத்து எதுக்கு?"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. "உள்ள நெறைய விஷம் வெச்சிருக்காரு போல, வெளிய விட மனசு வரல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் நீராவிப் பெட்டிக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பணப்பையை மூடுவதற்காகச் சற்று ஒதுங்கி நின்றார். சிரித்தவர்களில் முதல் ஆள் முன்னால் வந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், கண்ணாடியோரம் குனிந்தார்.

"அம்மா, அந்தக் காத்துப் பெட்டி…"

"டாக்டர் சீட்டு இருக்கா?"

வரிசை மறுபடி சிரித்தது. அடுத்தவர் வந்தார், அவரும் குனிந்தார். அதற்கும் சிரித்தார்கள். அதற்கடுத்தவருக்கும்.

லியோந்தி சவ்விச் ரயிலுக்கு நேரமாகும்வரை அங்கேயே நின்று, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.